சமூக உளவியல் உதவிப் பேராசிரியர் நியமனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் சமூக உளவியலுக்கென ஒரு நிரந்தர உதவிப் பேராசிரியரை நேரடி நியமனம் செய்வது பற்றிய கேள்விகள் இவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அவற்றின் பின்வந்த திருத்தங்களும் அடிப்படை. துறைத்தலைவருக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுதியது என்றாலும், விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

விளம்பரத்தில் ‘உளவியல்’ என்று மட்டும் போட்டால் போதாதா?

சட்டப்படி போதும். துறைக்குப் போதாது. முதுநிலை உளவியல் முடிப்பவர்களில் பெரும் பகுதியினர் மருத்துவ உளவியல், ஆற்றுப்படுத்துதல், நிறுவன உளவியல் பக்கம்தான் போகிறார்கள். பொதுவாக அழைத்தால் வந்து குவியும் விண்ணப்பங்களும் அங்கிருந்தே வரும். நேர்காணல் நாளில் ‘இவர்களில் யார் சமூக உளவியலும் எடுப்பார்?’ என்று தேடும் நிலை வந்துவிடும்.

சிறப்புப் பிரிவை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘சமூக உளவியலில் சிறப்புத் தகுதி’ என்று மொட்டையாக எழுதினால் அதை எந்த ஆவணத்தைக் கொண்டு சரிபார்ப்பது? முதுநிலைப் பட்டத்தில் அந்தப் பெயர் அநேகமாக இருக்காது. அதனால் சரிபார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள்: முனைவர் பட்ட ஆய்வேடு, அல்லது குறைந்தது இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், மனப்பான்மை, சமூகச் செல்வாக்கு, குழு உறவுகள், முன்முடிவும் பாகுபாடும், சமூக அடையாளம், உதவும் நடத்தை ஆகியவற்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். இது கட்டாயத் தகுதியா, விரும்பத்தக்க தகுதியா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அளவுக்கு மீறிக் குறுக்கவும் கூடாது. ஒரே ஒருவரின் ஆய்வேட்டுத் தலைப்பைப் போல விளம்பரம் இருந்தால், அவருக்காகவே தைத்த சட்டை என்று வழக்கு வரும். வந்தால் நிற்பது கடினம். இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவையும் இந்த இடத்துக்குக் கேட்காதீர்கள். அது மருத்துவ உளவியல் பணிக்கு உரியது. பழைய விளம்பரத்தை நகலெடுக்கும்போது அந்த வரி ஒட்டிக்கொண்டு வந்து, நல்ல சமூக உளவியலாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

சமூகவியல், சமூகப் பணி, மேலாண்மைப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாமா?

ஒழுங்குமுறை ‘தொடர்புடைய அல்லது இணைப் பாடம்’ என்ற இடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. எது இணைப் பாடம் என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பயன்பாட்டு உளவியல், அறிதிறன் அறிவியல் ஆகியவற்றைச் சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம். மற்றவற்றுக்கு ஒரு எளிய கேள்வி: இவரால் முதலாண்டு மாணவர்களுக்குச் சோதனை உளவியல் செய்முறை வகுப்பும் புள்ளியியலும் எடுக்க முடியுமா? சிறிய துறையில் எல்லோரும் எல்லாமும் எடுக்க வேண்டியிருக்கும்.

நெட் கட்டாயமா, முனைவர் பட்டம் கட்டாயமா?

முதுநிலையில் 55 விழுக்காடு அடிப்படைத் தகுதி. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோர் அல்லாதவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி 2021 ஜூலையில் வர வேண்டியது, 2023-க்குத் தள்ளிப்போனது, பிறகு 2023 ஜூன் 30 திருத்தத்தால் விலக்கப்பட்டது. இப்போது நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட் அல்லது ஸ்லெட் (மாநிலத் தகுதித் தேர்வு) குறைந்தபட்சத் தகுதி. யு.ஜி.சி.யின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி பட்டம் பெற்றவருக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு.

சரிபார்ப்பில் அடிக்கடி நழுவுவது செட். ஒரு மாநிலத்தின் செட் தேர்ச்சி அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மட்டுமே செல்லும். பக்கத்து மாநிலத்து செட் சான்றோடு வரும் விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே கவனிக்க வேண்டும்.

இனச்சுழற்சியை எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும்?

எந்தப் பணியிடம் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று சொல்லும் வரிசைதான் இனச்சுழற்சி. அதைச் சிறப்புப் பிரிவை எழுதுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. துறை பிரிவை எழுதி அனுப்பும், நிர்வாகம் பிறகு இனச்சுழற்சிப் புள்ளியைப் பொருத்தும். ஒரே ஒரு பணியிடம், அது ஒதுக்கீட்டுப் புள்ளி, அதன்மேல் மிகக் குறுகிய சிறப்புப் பிரிவு என்று மூன்றும் சேர்ந்தால் நாலைந்து விண்ணப்பங்களே வரும். முடிவில் ‘தகுதியானவர் இல்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். இது அந்தச் சமூகத்துக்கும் துறைக்கும் செய்யும் அநீதி. ஒதுக்கீட்டுப் புள்ளி என்று தெரிந்ததும் சிறப்புப் பிரிவை ‘விரும்பத்தக்கது’ என்று தளர்த்தி, தேடலை விரிவாக்குங்கள். ஒதுக்கீட்டு இடத்தைப் பொது இடமாக மாற்றும் பேச்சுக்கே இடமில்லை என்பதை 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முழுப் பல்கலைக்கழகமும் ஓர் அலகு. துறை அலகு அல்ல. அங்கே பட்டியலினத்தவருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு வேறு கணக்கு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, அருந்ததியருக்கான 3 உட்பட ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1.

சுருக்கப் பட்டியல் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது?

பல்கலைக்கழகத்துக்கு 2018 ஒழுங்குமுறையின் 3ஏ அட்டவணை. கல்லூரிக்கான 3பி வேறு, இரண்டையும் கலக்கக்கூடாது. 3ஏ-வில் மொத்தம் 100. இளநிலைக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உடன் நெட் என்றால் 7, நெட் மட்டும் என்றால் 5, செட் 3. கட்டுரைக்கு 2 வீதம் 10 வரை, கற்பித்தல் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை, விருதுக்கு 3 வரை.

இரண்டு மாதிரி விண்ணப்பங்களைப் போட்டுப் பார்ப்போம். முதலாமவர் இளநிலையில் 72 விழுக்காடு (13), முதுநிலையில் 81 (25), முனைவர் பட்டம் (30), நெட் (5), நான்கு கட்டுரைகள் (8), இரண்டு ஆண்டு கற்பித்தல் (4). மொத்தம் 85. இரண்டாமவர் இளநிலையில் 58 (10), முதுநிலையில் 66 (23), முனைவர் பட்டம் (30), ஜே.ஆர்.எஃப். (7), ஏழு கட்டுரைகள் இருந்தும் உச்சவரம்பால் 10, ஒன்றரை ஆண்டு பிந்தைய ஆய்வு (3). மொத்தம் 83. ஆய்வில் கூடுதலாகச் செய்தவர், பத்தாண்டுக்கு முன் எழுதிய இளநிலைத் தேர்வால் இரண்டு மதிப்பெண் பின்தங்குகிறார். அழைப்புக்கான வெட்டு 84-இல் விழுந்தால் அவரைக் குழு பார்க்கவே போவதில்லை.

எத்தனை பேரை அழைப்பது என்பது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஓர் இடத்துக்கு ஐந்து பேர் என்று இறுக்காமல் பத்துப் பன்னிரண்டு பேரை அழைப்பதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த மதிப்பெண்ணின் வேலை அழைப்போடு முடிகிறது. தேர்வு முழுக்க நேர்காணல் செயல்பாட்டின் அடிப்படையில்தான் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. 85 பெற்றவரை 83 பெற்றவருக்கு மேல் வைக்க அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

யு.ஜி.சி. கேர் பட்டியல் போய்விட்டதே, கட்டுரைகளை எப்படி எண்ணுவது?

தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. ஏற்று வைத்திருந்த அந்தப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை இனி நிறுவனமே மதிப்பிட வேண்டும். விளம்பரத்துக்கு முன்பே துறைக்குழு ஓர் அளவுகோலை எழுதி, உரிய குழுவின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும். சகமதிப்பீட்டு முறை வெளிப்படையாக இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தத் துறையினரா, அனுப்பிய நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். உளவியல் கட்டுரையை ஐந்து நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழில் மதிப்பீடு நடந்திருக்காது. பொறியியலும் உளவியலும் வணிகவியலும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தாலும் சந்தேகிக்கலாம்.

சமூக உளவியல் கட்டுரையின் தரத்தை எப்படி எடைபோடுவது?

இந்தத் துறைக்கு ஓர் அண்மை வரலாறு உண்டு. அது தெரியாமல் ஆளெடுக்கக்கூடாது. 2011-இல் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடரிக் ஸ்டாபல் தரவுகளைப் புனைந்தது வெளிப்பட்டது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த கூட்டு முயற்சியில், மறு ஆய்வுகளில் 36 விழுக்காடு மட்டுமே புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றன. சமூக உளவியல் ஆய்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் தேறியது. அதன்பின் துறையின் பழக்கங்கள் மாறின. ஜெர்மனியில் மியூனிக் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம் சமூக உளவியல் பேராசிரியர் பணிக்கான விளம்பரத்திலேயே, திறந்த அறிவியலுக்கு (தரவையும் முறையையும் எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கும் பழக்கத்துக்கு) என்ன செய்திருக்கிறீர்கள், இனி என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பதாரரைக் கேட்டது. அந்த ஒரு வரியை நம் விளம்பரங்களிலும் சேர்க்க எந்த விதியும் தடையில்லை.

விண்ணப்பதாரர் தம் சிறந்தவை என்று சொல்லும் இரண்டு கட்டுரைகளை மட்டும் வாங்கி, முழுதாகப் படியுங்கள். முதலில் மாதிரி அளவு. இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனையில் நடுத்தர வேறுபாட்டை, அதாவது குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவைச் சொல்லும் கோஹன் டி 0.5-ஐ, 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 0.4 என்றால் நூறு பேர், 0.2 என்றால் 390-க்கும் மேல். குழுவுக்கு இருபது பேரை வைத்துக்கொண்டு, நான்கு சோதனைகளிலும் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் பி-மதிப்பு, வழக்கமான 0.05 வரம்பை ஒட்டி 0.03, 0.04 என்றே வந்திருந்தால் அந்தக் கட்டுரையின் முடிவை நம்பாதீர்கள். அதற்காக ஆளைத் தள்ளிவிடவும் வேண்டாம். ‘இன்று செய்தால் எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். மாதிரி அளவு, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்தல், தரவுப் பகிர்வு என்று இயல்பாகப் பேசத் தொடங்குபவர் துறையோடு சேர்ந்து வளர்ந்தவர்.

அடுத்தது அளவுகோல். இந்தியாவில் சமூக உளவியல் ஆய்வு பெரும்பாலும் வினாத்தாள் ஆய்வு. ஆங்கில அளவுகோலை ஆங்கிலத்திலேயே கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்து, கிராமத்து நடத்தையைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகள் ஏராளம். தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ தழுவியிருந்தால் மறுமொழிபெயர்ப்பு (மொழிபெயர்த்ததை மறுபடி மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்ப்பது) செய்தார்களா, சிலரை உட்காரவைத்து ஒவ்வொரு வினாவையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டார்களா, காரணிப் பகுப்பாய்வு (எந்த வினாக்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) செய்தார்களா என்று பாருங்கள். ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோலின் பத்து வினாக்களில் எட்டாவது நல்ல சோதனை. ‘என்மீது எனக்கே இன்னும் மதிப்பு கூடினால் நன்றாயிருக்கும்’ என்ற பொருள் தரும் அந்த வினா எதிர்மறையாக எண்ணப்பட வேண்டியது. பல நாடுகளில் அதை முன்னேறும் ஆசையாகப் படித்து, உயர்ந்த சுயமதிப்பு உள்ளவர்களும் ஆமோதிக்கிறார்கள். வினாக்களின் உள்ளிசைவைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.82 என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தவருக்கு இது தெரிந்திருக்காது.

தேர்வுக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

துணைவேந்தர் அல்லது பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவமுள்ள அவருடைய பிரதிநிதி தலைவர். வேந்தரின் நியமனராக ஒரு பேராசிரியர், மூன்று பாட வல்லுநர்கள், புல முதன்மையர், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினர்கள். விண்ணப்பதாரர்களில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இருந்து, குழுவில் அந்தப் பிரிவினர் யாரும் இல்லையென்றால் அவர்கள் சார்பில் ஒருவர். குறைந்தது நான்கு பேர், அவர்களில் இரண்டு வெளி வல்லுநர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

வல்லுநர் பட்டியலில்தான் துறைத்தலைவரின் கவனம் முழுக்க இருக்க வேண்டும். ‘உளவியல் வல்லுநர்’ என்ற பெயரில் மூன்று மருத்துவ உளவியலாளர்கள் வந்து உட்கார்ந்தால், சமூக உளவியல் விண்ணப்பதாரரிடம் மனச்சோர்வுக்கான சிகிச்சையைக் கேட்பார்கள். பட்டியல் ஒப்புதலுக்குப் போகும்போதே பெரும்பாலான பெயர்கள் சமூக உளவியல் ஆய்வாளர்களாக இருக்கட்டும். விண்ணப்பதாரரின் ஆய்வு நெறியாளரோ இணை ஆசிரியரோ வல்லுநராக இருந்தால் அவர் விலக வேண்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அன்று காலை தெரியவந்தால் மாற்று ஏற்பாடு செய்ய நேரமிருக்காது.

மாதிரி வகுப்புக்கு எந்தத் தலைப்பைக் கொடுப்பது?

நேர்காணல் கட்டத்தில் வகுப்பறைச் சூழலில் விரிவுரை வைத்துப் பார்க்க ஒழுங்குமுறை இடம் தருகிறது. எல்லோருக்கும் ஒரே தலைப்பு, முதல் நாளே தெரிவித்து, இருபது நிமிடம், உண்மையான மாணவர்கள் முன்னால். அவரவர் ஆய்வுத் தலைப்பிலேயே பேசவிட்டால் ஒப்பிட முடியாது.

சாலமன் ஆஷின் இணங்குதல் சோதனை நல்ல தலைப்பு. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும்போது மற்றவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னால், ஒருவர் அவர்களோடு இணங்குகிறாரா என்று பார்த்த சோதனை அது. ‘பெரும்பான்மையினர் கூட்டத்துக்குப் பணிந்தார்கள்’ என்று தயார்நிலை வாக்கியத்தைச் சொல்பவர் பாடநூல் சுருக்கத்தோடு நின்றவர். மற்றவர்கள் தவறாகச் சொன்ன சுற்றுகளில் தவறான விடைகள் மூன்றில் ஒரு பங்கு அளவே. நான்கில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூடப் பணியவில்லை. இரண்டையும் சொல்லி, ‘அப்படியென்றால் இந்தச் சோதனை உண்மையில் எதைக் காட்டுகிறது?’ என்று மாணவர்களை வாதிடவைப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வதந்தி இன்னொரு தலைப்பு. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்து ஆராய்ந்தார். சேதம் இல்லாத பகுதிகளில் இன்னும் பெரிய பேரழிவு வரும் என்ற பேச்சு ஏன் பரவியது என்ற புதிர்தான் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் முன்வைத்த அறிவுமுரண் கோட்பாட்டின் (ஒன்றோடொன்று ஒத்துவராத எண்ணங்கள் தரும் சங்கடத்தைக் குறைக்க மனிதர்கள் முயல்வார்கள் என்பதன்) ஊற்றுகளில் ஒன்று. இந்தத் தொடர்பைத் தெரிந்து வைத்திருப்பவர், இந்திய மாணவர்களுக்குச் சமூக உளவியலை இறக்குமதிச் சரக்காக இல்லாமல் தங்கள் பாடமாகவே நடத்துவார்.

விண்ணப்பங்கள் வந்த பிறகு தகுதியையோ மதிப்பெண் முறையையோ மாற்றலாமா?

கூடாது. விளம்பரமோ விதியோ அதற்கு இடம் தராதபோது, தேர்வு நடைமுறை தொடங்கிய பின் தகுதி நிபந்தனைகளை மாற்ற முடியாது என்று 2024 நவம்பர் 7 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. மாதிரி வகுப்புக்கு எவ்வளவு, ஆய்வு உரைக்கு எவ்வளவு, கேள்வி பதிலுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டையும் விளம்பரத்தோடு சேர்த்தே வெளியிட்டுவிடுங்கள்.

கௌரவ விரிவுரையாளர் அனுபவம் கணக்கில் வருமா?

பணி மூப்புக்காக முந்தைய சேவையைச் சேர்ப்பதற்கு நிபந்தனைகள் கடுமை: உரிய தகுதி, முறையான தேர்வு, நிரந்தர ஆசிரியருக்குக் குறையாத மொத்தச் சம்பளம் ஆகியவை வேண்டும். மணிக்கணக்கில் ஊதியம் வாங்கியவர்கள் இதில் அடிபட்டுப் போகிறார்கள். சுருக்கப் பட்டியலின் இரண்டு மதிப்பெண்ணுக்கு எந்த அனுபவம் செல்லும் என்பது தனிக் கேள்வி. விளம்பரத்தில் சொல்லாமல் விட்டால், பரிசீலிக்கும் எழுத்தருக்கு எழுத்தர் கணக்கு மாறும்.

புதிதாக வருபவருக்கு என்ன வசதி தர வேண்டும்?

சம்பளம் விதிப்படி: ஊதிய நிலை 10, தொடக்கம் 57,700 ரூபாய். பேரம் பேச அதில் இடமில்லை. பேச வேண்டியது நேரமும் இடமும். வாரத்துக்கு நேரடிக் கற்பித்தல் 16 மணி. அதை முதல் பருவத்தில் ஐந்து வெவ்வேறு தாள்களாகப் பிரித்துக் கொடுத்தால் ஆய்வு நின்றுவிடும். இரண்டு மூன்று தாள்களாகக் கொடுங்கள்.

சமூக உளவியல் ஆய்வகம் செலவு குறைந்தது. தடுப்பு வைத்த நான்கைந்து மேசைகள், சாதாரணக் கணினிகள், ஓர் அமைதியான நேர்காணல் அறை இருந்தால் போதும். சோதனைக்கும் புள்ளியியலுக்கும் வேண்டிய சைக்கோபை, ஆர், ஜமோவி ஆகிய மென்பொருள்கள் மூன்றும் இலவசம். பணம் வேண்டியது பங்கேற்பாளர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும். புதியவருக்குத் தொடக்க ஆய்வு நிதியாகச் சமூக அறிவியல் என்றால் 3 லட்சமும் அறிவியல் என்றால் 6 லட்சமும் வழங்கலாம் என்று 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. உளவியல் எந்தப் புலத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஆய்வு நெறிமுறைக் குழுவில் சமூக அறிவியல் தெரிந்தவர் இருக்க வேண்டும். நோக்கத்தை மறைத்துச் செய்து, முடிவில் விளக்கம் தரும் சோதனைகள் இந்தத் துறையில் வழக்கம். மருந்துச் சோதனைகளை மட்டுமே பார்த்த குழுவிடம் அவை மாதக்கணக்கில் தேங்கும்.

விண்ணப்பதாரர் என்ன அனுப்பினால் கவனம் பெறும்?

கேட்ட சான்றுகளைக் கேட்ட வரிசையில் அனுப்புங்கள். ஒன்றியப் பல்கலைக்கழகங்களுக்கு சியு-சயன் இணையவாசல் வழியாக, மற்றவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழக முறைப்படி. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தடையின்மைச் சான்றுக்கு முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். நேர்காணல் வாசலில் திரும்பிப் போகிறவர்களில் பலருக்கு அந்த ஒரு தாள்தான் குறை.

ஆய்வுத் திட்டம் இரண்டு பக்கம் போதும். ‘இளைஞர்களிடையே சமூக ஊடகத் தாக்கம்’ என்பது திட்டம் ஆகாது. எந்தக் கேள்வி, யாரிடம், எத்தனை பேர், எந்த அளவுகோல், எந்த மொழி, என்ன செலவு, எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும் திட்டம் தனியாகத் தெரியும்.

நேர்காணல் முடிந்த பின் என்ன தவறு நடக்கிறது?

கையெழுத்து. தேர்வு நடைமுறை முழுவதும் கூட்டத்தின் கடைசி நாளிலேயே முடிய வேண்டும். மதிப்பெண் படிவம், தர வரிசையில் தேர்வானவர் பெயர், காத்திருப்போர் பெயர், எல்லா உறுப்பினர்களின் கையொப்பம் ஆகியவை அன்றே கோப்பில் ஏற வேண்டும். ‘பிறகு அனுப்பிவைக்கிறோம்’ என்று வல்லுநர் ஊருக்குக் கிளம்பினால் பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

தகுதிகாண் பருவம் ஓர் ஆண்டு. திருப்தியில்லை என்றால் இன்னும் ஓர் ஆண்டு நீட்டலாம், அதற்கு மேல் இல்லை.

தேர்வானவர் வந்து சேரவில்லை என்றால்?

காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அடுத்தவரை அழைக்கலாம். இல்லையென்றால் விளம்பரத்திலிருந்து எல்லாம் மறுபடி. ஆனாலும் பல குழுக்கள் ஒரே பெயரை எழுதிவிட்டு எழுந்துவிடுகின்றன. சமூக உளவியலில் நல்ல விண்ணப்பதாரர் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று இடங்களில் தேர்வாவது சாதாரணம். தகுதியுள்ளவர்கள் இருக்கும் பட்சத்தில் குறைந்தது இரண்டு பெயர்களையாவது வரிசைப்படுத்தி, பட்டியல் எத்தனை மாதம் செல்லும் என்பதையும் குறிப்பிலேயே எழுதுங்கள். நியமன ஆணையில் சேரும் கெடுவைத் தேதியோடு போடுங்கள். நீட்டிப்பு கேட்டால் ஒருமுறை, அதுவும் எழுத்தில். கெடு தாண்டிய மறுநாளே அடுத்தவருக்குக் கடிதம் போக வேண்டும். பட்டியல் காலாவதியாவதற்குள் அவர் தம் நிறுவனத்தில் விடுவிப்பு ஆணை வாங்கியாக வேண்டும்.